ஐந்து நிமிட தூரத்தில் ஒரு வீடு

2016 மே 14, சனிக்கிழமை. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் உள்ள வெல்தோர்ப் என்ற சிறிய ஊரில், ரோப் லேன் ஏழாம் எண் வீட்டு வாசலில் 'விற்பனைக்கு' என்ற பலகை நடப்பட்டது.

நட்டுவிட்டுப் போனவன் பக்கத்து நகரத்துத் தரகரின் ஆள். உள்ளூரிலும் தரகர் இருக்கிறார். ஆனால் வீட்டுக்காரி பெரில் லாக்வுட் வேண்டுமென்றேதான் வெளியூர் ஆளைப் பிடித்தாள். உள்ளூர்க்காரர் என்றால் கண்டவர்களிடமெல்லாம் சொல்லி வைப்பார். தெரிந்தவர்கள் முகத்துக்காக வந்து பார்ப்பார்கள். வாங்க முடியாமல் போனால் சங்கடப்படுவார்கள். யாரையும் அப்படி ஒரு நிலையில் நிறுத்த பெரிலுக்கு மனமில்லை.

ரோப் லேன் இரண்டு கார் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டிய சந்து. அதன் கடைசி வீடு ஏழாம் எண். அதற்கப்பால் மீட்புப் படகின் கொட்டகை, அதற்கப்பால் கடல். கடலில் சிக்கியவர்களைக் கரைசேர்க்கும் அந்தப் படகு ஊர்க்காரர்களின் நன்கொடையில் ஓடுவது. அதில் போகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. இறைச்சிக்கடைக்காரர், பள்ளி ஆசிரியர், நண்டு பிடிக்கிறவர்கள் இரண்டு பேர் என்று ஊரில் வேறு வேலை செய்கிறவர்கள்தான். இடுப்பில் மாட்டியிருக்கும் பேஜர் அலறினால் இறைச்சிக்கடைக்காரர் கத்தியைக் கீழே போட்டுவிட்டு ஓடுவார். வரிசையில் நிற்பவர்கள் முனகாமல் நிற்பார்கள், அல்லது தாங்களே எடைபோட்டுக் காசை வைத்துவிட்டுப் போவார்கள். இதற்கெல்லாம் ஒரே ஒரு விதிதான். பேஜர் அடித்து ஐந்து நிமிடத்துக்குள் கொட்டகைக்கு வந்து சேரக்கூடிய இடத்தில் வீடு இருக்க வேண்டும்.

அந்த ஐந்து நிமிட வட்டத்துக்குள் இருந்த வீடுகள்தாம் ஒவ்வொன்றாகக் கைமாறிக்கொண்டிருந்தன. கதவோரம் சாவி வைக்கும் சின்ன இரும்புப் பெட்டி முளைத்தால் அது விடுமுறை வீடாகிவிட்டது என்று பொருள். குளிர்காலத்து மாலைகளில் ரோப் லேனில் விளக்கெரியும் சன்னல்களை ஒரு கைவிரல்களுக்குள் அடக்கிவிடலாம்.

பெரிலின் கணவர் ராய் இருபத்தாறு ஆண்டுகள் அந்தப் படகை ஓட்டியவர். நான்கு ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பில் போனார். பெரிலுக்கு இப்போது அறுபத்தெட்டு. சனிக்கிழமைகளில் கொட்டகையை ஒட்டிய நினைவுப்பொருள் கடையில் உட்கார்ந்து, படகின் படம் போட்ட கோப்பைகளும் துடைப்புத் துணிகளும் விற்பாள். அன்றைக்கும் அங்கேதான் இருந்தாள். தபால் நிலையத்து மோரீன் கதவைத் திறந்துகொண்டே வந்தாள்.

"தபால் ஆபீஸ்ல உக்காந்திருக்கிற எனக்கே பால்காரன் வந்து சொல்லித்தான் தெரியணுமா?"

"முட்டி ஒத்துழைக்கல மோரீன். அந்தப் படிக்கட்டு படிக்கட்டா அது, ஏணி. மேட்டுத்தெருவுல ஒரு தரைவீடு பார்த்திருக்கேன். ராய் இருந்தாலாவது பின்னாடி நின்னு தள்ளுவான்."

"அவன் தள்ளியிருந்தா ரெண்டு பேரும் சேர்ந்தே கீழ வந்திருப்பீங்க." மோரீன் ஒரு கோப்பையை எடுத்து அடியில் விலை பார்த்து, திரும்ப வைத்தாள். "ஷேன்கிட்டச் சொன்னியா?"

"அவன் கண்ணு முன்னாடிதானே நிக்குது பலகை."

"பலகை பேசுமாடி?"

ஷேன் ஸ்டெபிங்ஸ் இரண்டாம் எண் வீட்டில் வாடகைக்கு இருப்பவன். வீடுகளைச் சூடாக்கும் கொதிகலன்களைப் பழுதுபார்ப்பது தொழில். ராயிடம் படகு ஓட்டக் கற்றவன். இப்போது படகை ஓட்டத் தகுதி பெற்றவர்கள் ஊரில் இரண்டே பேர். ஷேன் ஒருவன். இன்னொருவர் ட்ரெவர், வயது வரம்பை எட்டிக்கொண்டிருப்பவர். ஷேனின் வீட்டுக்காரர் செப்டம்பரில் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு விடப்போகிறார். ஷேன் வட்டத்துக்கு வெளியே போனால், ட்ரெவர் ஒருவரால் இரவும் பகலும் பார்க்க முடியாது, படகு இரவில் நிற்கும். ட்ரெவரும் ஓய்வு பெற்றால் பகலிலும் நிற்கும். இது மோரீனுக்குத் தெரியும், பெரிலுக்குத் தெரியும், கடற்கரையில் நாயை நடத்திக்கொண்டு போகிறவர்களுக்கும் தெரியும்.

"அவனா வந்து கேட்டா சந்தோஷமாக் குடுப்பேன்" என்றாள் பெரில். "விலை கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் பரவாயில்ல. ஆனா நானாப் போயி வாங்கிக்கோடான்னு எப்படிச் சொல்றது? கையில இல்லைன்னு வை, அவன் என்ன பதில் சொல்லுவான்? தினமும் என் முகத்துல முழிக்கணும், பாவம்."

"நீ ரொம்ப நல்லவ பெரில். அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

வெல்தோர்ப்பில் வேறு யாராக இருந்தாலும் பெரில் சொன்னதைத்தான் சொல்லியிருப்பார்கள். அண்டை வீட்டு நாயின் அறுவைச் சிகிச்சை, மகளின் விவாகரத்து, வயிற்றுக்கோளாறு எல்லாவற்றையும் அங்கே வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்கலாம். கையில் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்பது அடுத்தவர் படுக்கையறைக்குள் எட்டிப் பார்ப்பது மாதிரி.

ஜூனில் ஒரு நாள் ஷேன் கொதிகலனைச் சோதிக்க வந்தான். வருடா வருடம் வருவதுதான், காசு வாங்குவதில்லை. வேலை முடிந்ததும் கை கழுவிக்கொண்டு சமையலறை மேசையில் உட்கார்ந்தான். பெரில் தேநீர் ஊற்றினாள்.

"இன்னும் பத்து வருஷம் ஓடும் இது. வாங்குறவங்ககிட்டச் சொல்லுங்க."

"சொல்றேன். பிஸ்கட் எடுத்துக்கோ."

"பார்க்க ஆள் வர்றாங்களா?"

"வர்றாங்க, போறாங்க. போன வாரம் லண்டன்ல இருந்து ஒருத்தர் வந்தாரு. கடல் பக்கத்துச் சுவரை இடிச்சிட்டு முழுக்கக் கண்ணாடி வைக்கலாம்னாரு."

"கண்ணாடியா? ஜனவரிப் புயல்ல உக்காந்த இடத்துலயே மீன் பிடிக்கலாமே."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியது. ஷேன் கூரையின் உத்தரத்தை அண்ணாந்து பார்த்தான். பிறகு சன்னல் வழியாகக் கொட்டகையைப் பார்த்தான்.

"நல்ல வீடு பெரில் இது. குடும்பமா இருக்க வேண்டிய வீடு."

"ஆமா. குடும்பமா இருக்க வேண்டிய வீடுதான்."

அவன் தேநீரைக் கலக்கினான். அவளும் கலக்கினாள். கேட்கப் போகிறான் என்று அவளுக்குத் தோன்றியது. பதிலையும் நாக்கு நுனியில் வைத்திருந்தாள்.

"ஜூன்லயும் குளிருது இந்த வருஷம்" என்றான் ஷேன்.

"காத்து வடக்க இருந்து வருது" என்றாள் பெரில்.

கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். வாசல்வரை வந்தவள், பலகையை ஒட்டி அவன் நடந்து போவதைப் பார்த்தாள். அவன் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. வேறு எங்கோ ஏற்பாடு செய்துவிட்டான், அதனால்தான் கேட்கவில்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அன்று மாலை மோரீனிடமும் அப்படியே சொன்னாள். இரண்டு தடவை சொன்னபின் அவளுக்கே அது செய்தி மாதிரி ஆகிவிட்டது.

ஜூலையில் டங்கன், ஃபிலிப்பா ஹார்கோர்ட் தம்பதி வந்தார்கள். நாட்டிங்ஹாமில் பல் மருத்துவர்கள். கண்ணாடிச் சுவர் என்ற பேச்சே அவர்களிடம் இல்லை. ஃபிலிப்பா கணப்படுப்பின் முன் மண்டியிட்டு, அதைச் சுற்றிப் பதித்திருந்த பழைய ஓடுகளைத் தடவிப் பார்த்தாள். சின்ன வயதில் ஒவ்வொரு ஆகஸ்டும் பெற்றோருடன் இங்கே கேரவன் வண்டிகள் நிற்கும் முகாமில் வந்து தங்கியதைச் சொன்னாள். "அப்பல்லாம் இந்தச் சந்து வழியா நடந்து போகும்போது, இங்க இருக்கிறவங்க என்ன புண்ணியம் பண்ணாங்களோன்னு நினைப்பேன்." பேரம் பேசவில்லை. சொன்ன விலைக்கு ஒப்புக்கொண்டார்கள். பெரில் சரி என்றாள். கைகுலுக்கினார்கள்.

சட்டப்படி பத்திரத்தில் கையெழுத்தாகும்வரை இரு தரப்பும் விலகிக்கொள்ளலாம். வெல்தோர்ப்பில் அது சட்டத்துக்கு மட்டும்தான். அங்கே ஒருவர் ஒரு காலத்தில் கைகுலுக்கி விற்ற நண்டுப் படகை மறுவாரம் கூடுதல் விலைக்கு வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். முப்பது ஆண்டுகள் கழித்து அவர் செத்தபோது, சவ அடக்கத்துக்கு வந்தவர்கள் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டே பேசியது அதைப் பற்றித்தான்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு பிற்பகல் பேஜர் அடித்தது. காற்றடைத்த மிதவையில் விளையாடிக்கொண்டிருந்த சிறுமிகள் இருவரைத் தரைக்காற்று கடலுக்குள் இழுத்துக்கொண்டு போயிருந்தது. ஷேன் பெரிலின் சன்னலைத் தாண்டி ஓடினான். அவன் பின்னால் மனைவி கெர்ரி தன் இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு வந்து, கதவைத் தட்டாமலே உள்ளே விட்டுவிட்டு ஓடினாள். படகைத் தண்ணீருக்குள் தள்ளும் டிராக்டரை ஓட்டுவது அவள்தான். அழைப்பு வரும்போதெல்லாம் பிள்ளைகள் பெரிலின் சமையலறையில் இருப்பது வழக்கம். அவர்களுக்கென்றே ஓர் அலமாரித் தட்டில் வண்ணப் பென்சில்கள் கிடக்கும்.

படகு திரும்பியது. சிறுமிகள் இருவரும் நடுங்கிக்கொண்டு, ஆனால் நல்லபடியாக இறங்கினார்கள். கெர்ரி பிள்ளைகளை அழைத்துப்போக வந்தாள். முழங்கால்வரை மணல். நின்றபடியே ஒரு கோப்பைத் தண்ணீர் குடித்தாள்.

"இனிமே இதுகளை எங்க விடுறதுன்னுதான் தெரியல" என்றாள்.

"மேட்டுத்தெருவுக்கே கொண்டு வாயேன்."

"மேட்டுத்தெருவுக்குக் கொண்டு வந்து விட்டுட்டு ஓடி வர்றதுக்குள்ள படகு போயிடும் பெரில். அதுவும் போக, நாங்களே இங்க இருக்க மாட்டோமே. ஃபென்டன்ல ஒரு வீடு பார்த்திருக்கோம்."

ஃபென்டன் உள்நாட்டில் இருக்கிறது. காரில் இருபது நிமிடம்.

"நீங்க வேற ஏதோ ஏற்பாடு பண்ணிட்டீங்கன்னுல்ல நான் நினைச்சேன்" என்றாள் பெரில்.

கெர்ரி உள்நாட்டு நகரமான லெஸ்டர்க்காரி. கடலோரத்தின் மௌனம் பன்னிரண்டு ஆண்டுகளாகியும் அவளுக்குப் படியவில்லை. கோப்பையை மேசையில் வைத்தாள்.

"ஏற்பாடு பண்ணோம். இந்த வீட்டுக்குத்தான் பண்ணோம். பாங்குல சரின்னுட்டாங்க. எங்கப்பாவும் குடுக்கிறேன்னாரு. பலகையில இருக்கிற விலைக்குக் கொஞ்சம் குறைச்சல், அவ்வளவுதான். போய்க் கேளுய்யான்னு ராத்திரியும் பகலும் கத்தினேன். கொதிகலன் பார்க்க வந்தானே, அன்னிக்குக் கேட்டுட்டு வர்றேன்னுதான் கிளம்பினான். திரும்பி வந்து, கண்ணாடிச் சுவர் கதை சொல்றான்."

"அவன் கேட்டிருக்கலாமே கெர்ரி."

"நீங்க சொல்லியிருக்கலாமே." குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "உங்களைக் குத்தம் சொல்லல. ஆனா இந்த ஊர்ல வாய் எதுக்குத்தான் இருக்கு? மழை வருமான்னு கேக்க மட்டுமா?"

பிள்ளைகள் பென்சில்களை அள்ளித் தட்டில் போட்டார்கள். கெர்ரி அவர்களைக் கூட்டிக்கொண்டு போனாள்.

பத்திரம் கையெழுத்தாக இன்னும் மூன்று வாரம் இருந்தது. பெரில் அன்று மாலை முழுக்கச் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்தாள். ராய் இருந்திருந்தால் என்ன சொல்வார் என்று யோசித்தாள். கொடுத்த வாக்கைக் காப்பாற்று என்பார். படகு நிற்கக் கூடாது என்பார். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கொட்டகைக்குக் கிளம்பிவிடுவார். செத்தவரிடம் கேட்டு ஆவதொன்றுமில்லை.

மறுநாள் காலை தபால் நிலையத்துக்குப் போனாள். கூட்டம் கலையும்வரை காத்திருந்து மோரீனிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"விலகிடு" என்றாள் மோரீன்.

"கைகுலுக்கியாச்சே."

"பல் டாக்டருங்க. அவங்களுக்கு வேற வீடா கிடைக்காது? பத்து நாள் திட்டுவாங்க. ஊர்ல பத்து வருஷம் உன்னைத் திட்டுவாங்க, அது வேற விஷயம். என்னைக் கேட்டா, திட்டட்டும்."

பெரில் வீட்டுக்கு வந்து தொலைபேசியை எடுத்தாள். சொல்ல வேண்டியதை முன்கூட்டியே வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். மிகவும் வருந்துகிறேன், சூழ்நிலை மாறிவிட்டது, உங்களுக்கு ஆன செலவை நானே ஏற்கிறேன். மூன்றே வாக்கியம்.

ஃபிலிப்பாதான் எடுத்தாள். பெரிலின் பெயரைக் கேட்டதும் குரல் மலர்ந்தது.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன். எங்கம்மாகிட்டச் சொன்னேன் பெரில், அழுதுட்டாங்க. அந்தச் சந்துலயான்னு கேட்டாங்க. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. சொல்லுங்க, எதுக்குக் கூப்பிட்டீங்க?"

பெரிலின் கண் கூடத்துச் சன்னல் பக்கம் போனது.

"கூடத்துத் திரைச்சீலை" என்றாள். "அதை விட்டுட்டுப் போகட்டுமா, எடுத்துக்கட்டுமான்னு கேக்கத்தான்."

"ஐயோ, எவ்வளவு நல்ல மனசு உங்களுக்கு. விட்டுட்டே போங்க."

"சரி. விட்டுட்டே போறேன்."

தொலைபேசியை வைத்தபின் நெடுநேரம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மறுபடி எடுத்துக் கூப்பிட யாரும் தடுக்கவில்லை. அந்த வாரமும் தடுக்கவில்லை, அடுத்த வாரமும் தடுக்கவில்லை. தினம் ஒரு காரணம் கிடைத்தது. ஒரு நாள் பல் மருத்துவர்கள் வேலை நேரத்தில் இருப்பார்கள் என்று தோன்றியது. ஒரு நாள் ஞாயிற்றுக்கிழமையில் தொந்தரவு செய்வது சரியல்ல என்று தோன்றியது. செப்டம்பர் இரண்டாம் வாரம் வழக்கறிஞர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டாள். பேனாவை நீட்டிய பெண் அன்றைய வெயிலைப் பற்றி ஏதோ சொன்னாள். பெரிலும் பதிலுக்கு ஏதோ சொன்னாள்.

அந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை ஷேன் கடைக்கு வந்தான். வேனில் சாமான்கள் ஏறியிருந்தன. பேஜரைக் கொட்டகைப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தான். இடுப்பில் அது இருந்த இடத்தைக் கை தானாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது. கடையில் வேறு யாரும் இல்லை.

"கெர்ரி சொன்னா" என்றாள் பெரில். "நீ கேட்டிருக்கலாம் ஷேன்."

"கேட்டிருந்தா நீங்க சரின்னு சொல்லியிருப்பீங்க. ராய்க்காக விலையையும் குறைச்சிருப்பீங்க."

"ஆமா, குறைச்சிருப்பேன்."

"அதனாலதான் கேக்கல."

அவன் சொன்னதில் அவளால் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. அவனுடைய இடத்தில் இருந்திருந்தால் அவளும் அதையேதான் செய்திருப்பாள். அதுதான் அவளை உறுத்தியது. யாராவது ஒருவர் கெட்டவராக இருந்திருந்தால் மனசுக்குக் கொஞ்சம் பிடிமானம் கிடைத்திருக்கும்.

"ஃபென்டன்ல வீடு எப்படி?"

"பரவாயில்ல. பின்னாடி தோட்டம் இருக்கு. கடல் சத்தம் இல்லாம பிள்ளைங்கதான் தூங்க மாட்டேங்குது." வெளியே வேனில் கெர்ரி ஒலிப்பானை ஒருமுறை தட்டினாள். "கூப்பிடுறா. மேட்டுத்தெரு வீட்டுக் கொதிகலனையும் நானே வந்து பார்க்கிறேன். வேற ஆளை விட்டுடாதீங்க."

"இருபது நிமிஷம் வண்டி ஓட்டிக்கிட்டா வருவே?"

"கொதிகலனுக்கு அவசரம் இல்லையே" என்றான்.

ஹார்கோர்ட் தம்பதி நல்லவர்களாகவே இருந்தார்கள். கண்ணாடிச் சுவர் வைக்கவில்லை. ஓடுகளைச் சுத்தம் செய்தார்கள். படகு நிதிக்குப் பெரிய தொகை ஒன்று அனுப்பினார்கள், சன்னலில் மீட்புப் படகின் படத்தை ஒட்டினார்கள். ஈஸ்டருக்கும் ஆகஸ்டுக்கும் வருவார்கள். வரும்போது பெரிலைத் தேநீருக்குக் கூப்பிடுவார்கள். ஒருமுறை ஃபிலிப்பா, "குளிர்காலத்துல இங்க யாருமே இல்லாத மாதிரி இருக்குமாமே?" என்று கேட்டாள். கூடத்துத் திரைச்சீலைகள் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன. கொஞ்சம் அமைதியாகத்தான் இருக்கும் என்றாள் பெரில். அதற்கு மேல் சொல்லத் தொடங்கினால் எங்கே கொண்டுபோய் விடும் என்று அவளுக்குத் தெரியும். எழுந்து கோப்பைகளை எடுத்து வைக்க உதவினாள்.

மேட்டுத்தெரு வீட்டில் படி இல்லை. முட்டிக்கு அது நன்றாக இருந்தது. அங்கிருந்து கொட்டகைச் சத்தம் கேட்காது. படகு போயிற்றா வந்ததா என்று மறுநாள் கடைத்தெருவில் யாராவது சொன்னால்தான் தெரியும். முதல் குளிர்காலத்திலேயே படகு இரவு அழைப்புகளை ஏற்பதில்லை என்று அறிவித்துவிட்டார்கள். ஓட்டுநராகப் பழக ஓர் இளைஞர் வந்தார், அவருக்கும் வட்டத்துக்குள் வாடகை வீடு அகப்படவில்லை. 2017 டிசம்பரில் ட்ரெவர் வயது வரம்பை எட்டினார். கெஞ்சி மூன்று மாதம் கூடுதலாக வைத்துக்கொண்டார்கள்.

2018 ஏப்ரல் 3, செவ்வாய்க்கிழமை, வெல்தோர்ப் மீட்புப் படகை வண்டியில் ஏற்றித் தெற்கே பதினொரு மைல் தள்ளியிருக்கும் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். நாற்பது பேர்வரை பார்க்க வந்திருந்தார்கள். வெல்தோர்ப் கரையிலிருந்து போகும் அழைப்புகளுக்கு இப்போது அந்த நிலையத்திலிருந்து படகு வருகிறது.